குடிநோய் மீட்புக் கூட்டத்திற்கு முதன்முறையாகச் செல்வது எப்படி?

கேள்வி:
குடியை நிறுத்தப் பலமுறை முயன்றும் இயலாத நான், குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் கூட்டத்திற்குச் செல்ல விரும்புகிறேன். கூட்டம் நடக்கும் இடத்தை எவ்வாறு அறிவது? எல்லோர் முன்னிலையிலும் பேசியே ஆக வேண்டுமோ என்ற அச்சம்தான் என்னைத் தடுக்கிறது.

பதில் 1:
பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் மூன்று கூட்டங்களிலும் நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒருவரும் வற்புறுத்தவில்லை. 1935ஆம் ஆண்டு தொடங்கிய அந்த அமைப்பில் சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இடமும் நேரமும் அமைப்பின் இணையதளத்தில் கிடைக்கும். திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம், மூடிய கூட்டமோ குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதானால் எந்த வகைக் கூட்டம் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சென்ற குழு மனத்திற்கு ஒட்டவில்லையென்றால் வேறொன்றை நாடுங்கள். எனக்கும் இரண்டாவது குழுதான் பொருந்தியது.

பதில் 2:
நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவராயின், மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பதில் 3:
குடும்பத்தினருக்கென அல்-அனான் என்னும் தனிக் கூட்டங்கள் உள்ளன. என் கணவர் குடியை நிறுத்த முன்வருவதற்கு வெகுகாலம் முன்பே நான் அங்கு செல்லத் தொடங்கினேன். உங்கள் வீட்டாரிடமும் தெரிவியுங்கள்.