அப்பா கரண்ட் திருடினார் என்கிறார்கள், யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பா தனியாக இருக்கிறார், 71 வயது, முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டில் ஒரு ஐஸ்பெட்டி, இரண்டு காற்றாடி, ஒரு டிவி, அவ்வளவுதான்.

போன வாரம் கரண்ட் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து மீட்டரைத் திறந்து, சீல் அறுந்திருக்கிறது, உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, மலாயில் இருந்த ஒரு தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, மீட்டரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது 8,400 வெள்ளி (ரிங்கிட்) கட்டு என்று கடிதம். அந்த மீட்டர் வாசல் தூணில், மழை அடிக்கிற பக்கம் இருந்தது; மூடி ஓரமெல்லாம் துரு, கண்ணாடிக்குள் எறும்பு மண். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

1990 மின்சார வழங்கல் சட்டம், 37ஆம் பிரிவில் மீட்டரில் கை வைப்பது குற்றம், 38ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்துக் கரண்டை வெட்டலாம், நஷ்டத்தையும் கேட்கலாம் என்று படித்தேன். சரி, பழுதான மீட்டருக்கு என்ன நியாயம்?

கழற்றிய மீட்டரின் சோதனை அறிக்கை, எந்த மாதத்திலிருந்து எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்ற விவரம், இதையெல்லாம் எழுதிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? சுருஹான்ஜாயா தெனாகாவில் (அரசாங்கத்தின் எரிசக்தி ஆணையம்) புகார் கொடுத்தவர்கள் இருந்தால், அதுவரை தவணையில் கட்டலாமா, கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.