டப்பா இல்லாமல் வந்த பழைய ரயில் மாடல்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கரிவண்டி:
இன்னும் மனசு ஆறல. டப்பா கிடையாது, சீட்டு கிடையாது, கறுப்பு நீராவி இஞ்சின் மட்டும் வந்தது. 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் கச்சிதமா உட்கார்ந்தது. எச்.ஓ. (நிஜ ரயிலோட 87-ல ஒரு பங்கு, 1:87) தானேன்னு கண்ட்ரோலரைத் திருகினேன். சிவப்பு விளக்கு. அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த கூட்ஸும் நின்னுபோச்சு. மோட்டார் காலின்னு நானே முடிவுகட்டி, ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாத்தையும் பிரிச்சேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பிரஷ்ஷோட ஸ்பிரிங் ஒண்ணு டிங்குன்னு தெறிச்சு எங்கேயோ போச்சு. அதைத் தேடி மேஜையில தலையைச் சாய்ச்சப்போதான் கவுந்து கிடந்த அடிப்பாகம் கண்ணுல பட்டுது. நடுவுல நீளமா ஒரு உலோகத் தகடு, ரெண்டு முனையும் மேல வளைஞ்சு. மெர்க்லின்! ஜெர்மன் கம்பெனி. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற புள்ளிகள்லேருந்து கரண்ட் எடுக்கிற வண்டி. நல்லா இருந்த மோட்டாரைக் கெடுத்தது நான்தான். ஸ்பிரிங் இன்னும் கிடைக்கல.

இரண்டாம் பிளாட்பாரம்:
கேஜை (தண்டவாள இடைவெளியை) அளந்து ஸ்கேலை (எத்தனை மடங்கு குறுக்கியது என்பதை) முடிவு பண்ணினால் இப்படித்தான். நானும் மாட்டினேன். "எச்.ஓ. பயணிகள் பெட்டி, மூன்று" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தண்டவாளத்தில் நிற்கிறது, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கையும் மாற்றிவிட்டேன். ஆனால் என் ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை பக்கத்தில் வந்து நின்றதும் ஏதோ உறுத்தியது. குழந்தைக்கு அப்பா சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி. ஆறடி ஆள் 1:87இல் 21 மி.மீ., 1:76இல் 24 மி.மீ. வந்தவை பிரிட்டிஷ் டபுள் ஓ, அதாவது 1:76! அவர்கள் ஊர் இஞ்சின்கள் அளவில் சிறியவை. 1:87க்குக் குறுக்கினால் அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை எச்.ஓ. அளவிலேயே விட்டுவிட்டார்கள். மூன்று பெட்டிகளும் இப்போது முன்வரிசைத் தடத்தில் ஓடுகின்றன, ஸ்டேஷன் பின்னால் போய்விட்டது. பெரியது முன்னால், சின்னது பின்னால் இருந்தால் கண் ஏமாந்துவிடுகிறது.

பாயிண்ட்ஸ்மேன்:
மேலே சொன்னது தப்பு சார். கரிவண்டிக்கு வந்த பிரச்சினை ஸ்கேலே இல்லை, மெர்க்லினும் 1:87 தான். சக்கரத்தைப் பார்க்கணும். மல்டிமீட்டர் முனைகளை ஒரே அச்சின் இரண்டு சக்கரத்திலும் வையுங்க. பீப் சத்தம் வந்தா இன்சுலேஷன் இல்லை, ரெண்டு தண்டவாளத்தையும் அதுவே சேர்த்துவிடும், ஷார்ட் ஆகத்தான் செய்யும். பத்து வினாடி வேலை. நானும் இதை ஒரு கண்ட்ரோலரைப் புகைய விட்ட பிறகுதான் கத்துக்கிட்டேன், அது வேற கதை.

இரண்டாம் பிளாட்பாரம், நீங்க முன்னாடி போட்ட ஸ்டேஷன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஜல்லி ஸ்லீப்பர் கட்டை மேலெல்லாம் ஏறி நிற்குது. முதல்ல காய்ந்த ஜல்லியைக் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால கட்டைகளுக்கு நடுவே தள்ளுங்க. அப்புறம் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணி கலந்து பனி மாதிரி தெளிங்க. சோப்பு இல்லைன்னா பசை உள்ளே இறங்காது, உருண்டு மேலேயே நிற்கும். ஈரம் இருக்கும்போதே, தண்ணி கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டு சொட்டா விடுங்க. தடம் மாத்துற பாயிண்ட்டோட நாக்குப் பக்கம் மட்டும் போகவே கூடாது, ஒட்டிக்கிட்டா அசையாது. ஒரு ராத்திரி முழுக்கத் தொடாதீங்க. காஞ்சதும் கட்டையோரத்துல லேசா துருப் பழுப்பு, இஞ்சின் நிற்கிற இடத்துல கரும் எண்ணெய்க் கறை. தண்டவாளத்தோட மேல்பரப்பைத் துடைக்க மறக்காதீங்க.

இரண்டாம் பிளாட்பாரம்:
ஜல்லியைப் பற்றி யார் சார் கேட்டது?

பழைய ஷெட்:
சண்டை வேண்டாம். என்னுடையது யுத்தத்துக்கு முந்தைய வார்ப்பு. சக்கரம் இறுக்கமாகச் சுற்றியது. ஒரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். சேஸிஸை (அடிச்சட்டத்தை) அளவுகோலோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் வருகிற நோய்; உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து ஊதிக்கொள்ளும், வைத்தியம் கிடையாது. கட்டைவிரலால் லேசாகத்தான் அழுத்தினேன். விபூதிக்கட்டி மாதிரி உதிர்ந்தது.

மிச்சத்தை ஷெட்டுக்குப் பின்னால், காய்ந்த புல்லுக்கு நடுவில் சாய்த்து வைத்திருக்கிறேன். லேஅவுட் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதற்கு முன்னால்தான் குனிகிறார்கள். "வெதரிங் பிரமாதம், நிஜமாவே பழசு மாதிரி இருக்கு, என்ன பெயின்ட்?" என்று கேட்கிறார்கள்.