மறு: [கலைச்சொல்] 'க்ரம்ப் டாப்பிங்' – தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு ஓவனில் செய்யக்கூடிய கேக் வகைகளுக்குத் தமிழில் ஒரு குறிப்புத் தொகுப்பு எழுதி வருகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு கப்கேக். மாவில் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு மணம். நடுவில் வதக்கிய ஆப்பிள். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் சேர்ந்து மொறுமொறுவென்று நிற்கும் ஒரு படலம். அந்த மேல்படலத்துக்குத்தான் பெயர் இல்லாமல் நிற்கிறேன். ஆங்கிலத்தில் 'க்ரம்ப் டாப்பிங்', ஜெர்மன் வழி வந்தவர்கள் 'ஸ்ட்ராய்சல்' என்கிறார்கள்.

இப்போதைக்கு 'மேல்தூவல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'ரொட்டித்தூள் மேலடுக்கு' என்றும் ஒரு நண்பர் சொன்னார். எதுவும் வாயில் ஒட்டவில்லை. 'கிண்ணக் கேக்', 'பூரணம்' ஆகியவற்றைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

மடல் 2

> ரொட்டித்தூள் மேலடுக்கு

முதலில் இதை ஒதுக்கிவிடலாம். இதைப் படிக்கிறவர் பழைய ரொட்டியைப் பொடித்துக் கேக்கின் மேல் கொட்டிவிடுவார். தவறு அவருடையதாக இருக்காது. அந்தப் படலத்தில் ரொட்டியே கிடையாது.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 'க்ரம்ப்' என்ற ஒரே சொல்லை அவர்கள் மூன்று பொருள்களுக்கு வைத்திருக்கிறார்கள். கேக்கை வெட்டும்போது உதிர்ந்து விழும் துணுக்கு ஒன்று. வெட்டிய முகத்தில் தெரிகிற, சின்னச் சின்னத் துளைகளோடு மெத்தென்றிருக்கும் உட்பகுதி இன்னொன்று. மூன்றாவது நாம் பேசும் மேல்படலம். நாம் ஒரு சொல்லை எடுத்து மூன்றுக்கும் ஒட்டினால் அவர்களுடைய குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்தவர்கள் ஆவோம்.

உதிரும் துணுக்குக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. துணுக்கு, துகள், உதிரி எல்லாம் இருக்கின்றன. பழைய தமிழ் விவிலியத்தில் மேசையிலிருந்து விழும் அப்பத் துணுக்குகளைத் 'துணிக்கைகள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் இயற்பியல் துகளுக்கும் அதே 'துணிக்கை'தான். எனவே இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

> மேல்தூவல்

இது ஜெர்மன் மூலத்துக்கு நேர்மையான சொல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஸ்ட்ராய்சல் வந்ததே 'தூவு' என்று பொருள்படும் வினையிலிருந்துதான். ஆனால் அங்கேயும் இந்த வேர் ஒரு சங்கடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஐஸ்கிரீம் மேல் போடுகிற சாக்லேட் மணிகளையும் ஜெர்மன்காரர்கள் 'ஷோகோ ஸ்ட்ராய்சல்' என்றுதான் அழைக்கிறார்கள். தூவினால் எல்லாம் தூவல்தானே! பொடித்த சர்க்கரை, பாதாம் சீவல், வண்ண மணிகள் என்று கேக்கின் மேல் விழும் எதையும் தூவல் எனலாம். அந்தப் பொதுச்சொல்லைப் பொதுவாகவே விட்டுவைப்போம்.

நான் பார்ப்பது வேறு இடத்தில். இந்தப் படலத்தை மற்ற எதிலிருந்தும் பிரித்துக் காட்டுவது தூவும் செயல் அல்ல, அதற்கு முன்னால் நடக்கும் கைவேலை. குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மாவிலும் சர்க்கரையிலும் போட்டு, விரல் நுனியால் அள்ளி அள்ளித் தேய்த்து உதிர்க்கிறோம். இதைத் தமிழ் அடுக்களையில் எப்படிச் சொல்கிறோம்? பிசிறுவது! 'மாவைப் பிசிறி வை' என்றால் யாரும் அதை உருண்டையாகத் திரட்டிவைக்க மாட்டார்கள். பிசைவது வேறு, பிசிறுவது வேறு. பிசைந்தால் மாவு ஒன்றாகும். பிசிறினால் ஈரமோ கொழுப்போ எங்கும் பட்டும், மாவு தனித்தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் 'ரப்பிங் இன்' என்று இரண்டு சொல் போட்டு விளக்குவதை நாம் ஒரே வினையில் முடித்து வைத்திருக்கிறோம்.

அதனால் என் பரிந்துரை: பிசிறல். கேக்கின் மேல் போடுவதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மேற்பிசிறல்.

இதில் வெறும் சொல்லழகு மட்டும் இல்லை, செய்முறையும் அடங்கியிருக்கிறது. இந்தப் படலம் கெட்டுப்போகும் வழிகளில் பெரும்பாலானவை, பிசிறாமல் வேறு எதையோ செய்வதால் வருபவை. வெண்ணெயை உருக்கி ஊற்றினால், மாவு அதைக் குடித்துக் களிபோல ஆகிவிடும். அதிலிருந்தும் கட்டிகள் பிடிக்கலாம், சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் அவை பெரிய பெரிய, அடர்ந்த கட்டிகளாக இருக்கும். அதிக நேரம் பிசைந்தால் வெண்ணெயில் இருக்கும் கொஞ்ச நீரே போதும், மைதாவின் குளூட்டன் (நீர் பட்டுப் பிசைந்தால் இழுவையாகும் புரதம்) இழுபட ஆரம்பித்துவிடும். வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி நீர். அது 30 டிகிரி செல்சியசைத் தாண்டியதுமே இளகிவிடும், நம் உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். அதனால்தான் உள்ளங்கை படாமல் விரல் நுனியோடு நிறுத்துகிறோம். கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் நீர் உள்ளே போக முடியாது, குளூட்டன் வலைபின்ன வழியிருக்காது. கரைய நீர் இல்லாததால் சர்க்கரையும் பெரும்பாலும் மணியாகவே நிற்கும். வெந்தபின் கடித்தால் நறுக்கென்று உடைவதற்கு இவைதான் காரணம்.

சொல்லிலேயே 'பிசிறு' இருந்தால், குறிப்பைப் பாதி படித்ததுமே கைக்கு வேலை தெரிந்துவிடும். 'மேல்தூவல் தயாரிக்கவும்' என்பதில் அது தெரியாது.

> கிண்ணக் கேக்

எனக்குச் சம்மதம். கப்கேக்கில் இருக்கிற 'கப்' எந்தக் கப் என்று ஒரு பழைய விவாதம் உண்டு. சிறு கோப்பைகளில் ஊற்றி வேகவைத்ததாலா, பொருள்களைக் கோப்பையால் அளந்ததாலா என்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1796-இல் வந்த ஓர் அமெரிக்கச் சமையல் நூலிலேயே 'சிறு கோப்பைகளில் வேகவைக்கும் கேக்' பேசப்படுகிறது. இன்று நாம் அதைப் பார்த்தாலே கிண்ண வடிவம்தான் தெரிகிறது, அளவு தெரிவதில்லை. கிண்ணமே இருக்கட்டும். 'கேக்'கை 'அணிச்சல்' ஆக்க வேண்டும் என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இல்லை. ஆனால் ஒரே தலைப்பில் இரண்டு புதுச்சொல் வைத்தால் படிப்பவர் இரண்டையும் விட்டுவிடுவார். ஆப்பிளையும் 'குமளி' ஆக்க வேண்டாம், அதே காரணம்.

கேக் ஊற்றும் குழிகள் கொண்ட தட்டுக்கு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. 'குழித்தட்டு' என்று எழுதுங்கள். நாற்று வளர்ப்பவர்கள் ஏற்கெனவே அந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். நாற்றங்காலும் அடுக்களையும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளப் போவதில்லை.

'ஸ்பைஸ்டு' என்பதற்கு மட்டும் 'மசாலா' வேண்டாம். மசாலா கேக் என்றதும் நாக்கு காரத்தை எதிர்பார்க்கும். 'பட்டை மணக்கும்' என்று நேராகச் சொல்வது மேல், தூக்கலாக நிற்பது அதுதான். குறிப்பில் ஆல்ஸ்பைஸ் வந்தால் 'எல்லா மசாலாவும்' என்று எழுதிவிடாதீர்கள். அது கலவை அல்ல, ஒரே மரத்தின் உலர்ந்த காய். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் கலந்தாற்போல் மணப்பதால் வந்த பெயர்.

மடல் 3

மேலே எழுதியவரின் வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு உறுத்தல்.

பிசிறு என்றதும் என் மனதில் வருவது துணியோரத்தில் நூல் பிரிந்து தொங்குவது. குரல் பிசிறடிக்கிறது என்போம். ஒரு வேலையைப் பிசிறில்லாமல் முடித்தான் என்று பாராட்டுவோம். ஆக, பிசிறு என்பது குறை. அதைக் கொண்டுபோய் ஒரு தின்பண்டத்தின் அழகான பகுதிக்கு வைக்கிறோமே? அடுத்து, நாம் சாப்பிடுவது வெந்தபின் உள்ள பொருளை. பிசிறல் என்பது வேகாத நிலையின் பெயர். மேலே காய்ந்து மொறுமொறுவென்று நிற்பதைப் 'பொருக்கு' எனலாமே. நல்ல பழைய சொல், சின்னச் சொல்.

'பூரணம்' பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. அது வடசொல். 'உள்ளடை' என்று வைத்தால் என்ன?

மடல் 4

மடல் 2-இல் பிசிறலைப் பரிந்துரைக்கும் முன் பொருக்கை நானும் எடைபோட்டுப் பார்த்தேன். இரண்டு காரணத்தால் விட்டேன். பொருக்கு என்பது பரப்பாகக் காய்ந்து, பிறகு ஏடு ஏடாகப் பெயர்வது. வற்றிய குளத்துச் சேறு வெடித்துப் பெயர்வது பொருக்கு. நம் படலம் அப்படி ஏடாக உருவாவதில்லை. மணி மணியாகத் தனித்தனியே விழுந்து, வெண்ணெய் உருகும்போது அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது காரணம், ஆறிய புண்ணின் மேலும் பொருக்குத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படம் மனதில் எழ வேண்டாம்.

குறை என்ற வாதத்துக்கு வருகிறேன். நீங்கள் காட்டிய மூன்று எடுத்துக்காட்டிலும் இருப்பது 'பிசிறு' என்ற பெயர்ச்சொல். நான் சொல்வது 'பிசிறல்', வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர். பின்னியது பின்னல், தைத்தது தையல், வறுத்தது வறுவல். செயலின் பெயரே செய்பொருளின் பெயராக நிற்பது நம் மொழியில் புழங்கிய வழி. வறுவல் தட்டுக்கு வந்தபின்னும் அதன் பெயர் வறுவல்தான், யாரும் 'வறுத்து முடித்தாயிற்றே, வேறு பெயர் வை' என்று கேட்பதில்லை. வேகாத நிலைப் பெயர் என்ற உங்கள் இரண்டாவது உறுத்தலுக்கும் இதையே பதிலாக வைக்கிறேன். மேலும் பிசிறலைத் தனியாக, வேகாமலே எடுத்துவைக்க வேண்டி வரும். குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் அதன் கட்டிகள் இறுகி, சூட்டில் உடனே பரவிவிடாமல் நிற்கும். அந்த நிலையிலும் அதற்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? பொருக்கு என்றால் காய்ந்தபின்தான் கூப்பிட முடியும்.

பூரணத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இனிப்பாகச் சமைத்து, ஒரு மாவுக்குள் வைத்து மூடுவது என்ற முழுப்பொருளும் அந்த ஒரு சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. 'நிரப்பு', 'நிரப்பல்' எல்லாம் பல் மருத்துவரை நினைவுபடுத்துகின்றன. 'உள்ளீடு' கணினிக்குப் போய்விட்டது. 'உள்ளடை' கேட்க நன்றாக இருக்கிறது. காரமான, உப்பான உள்வைப்புகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், அங்கே பூரணம் பொருந்தாதுதான்.

'சமைத்து' என்பதை அழுத்துகிறேன். ஆப்பிளில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர். பச்சையாக நறுக்கி நடுவில் வைத்தால் அந்த நீர் ஆவியாகிக் கேக்கைப் பிளக்கும் அல்லது சுற்றியுள்ள மாவைக் கூழாக்கும். வெந்து முடிந்த கேக்கை அறுத்தால் ஆப்பிளுக்கு மேலே ஒரு வெற்றுக் குகை தெரிகிறதே, அது ஆவி விட்டுச்சென்ற இடம். பூரணம் என்று எழுதினாலே முன்கூட்டி வதக்கிச் சுண்டவைப்பது புரிந்துவிடும். 'ஆப்பிள் துண்டுகளை நிரப்பவும்' என்றால் புரியாது.

சரி, சொற்களைப் பட்டியலாக வைத்து வாதாடிக்கொண்டிருப்பதைவிட, அவை ஒரு குறிப்புக்குள் உட்காருகின்றனவா என்று பார்ப்போம். 12 கிண்ணக் கேக்குக்கு எழுதிப் பார்த்தேன். கேக் மாவின் அளவுகள் தொகுப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கும், அதை விட்டுவிட்டேன்.

"பூரணம்: புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிள் இரண்டைத் தோல்சீவி, சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாக நறுக்கவும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகைப் பட்டைத்தூள் சேர்த்து வதக்கவும். சாறு விட்டு வரும். ஒரு தேக்கரண்டி சோளமாவைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடவும். சாறு துண்டுகளைப் பூசினாற்போல் கெட்டியானதும் இறக்கி முழுதும் ஆறவிடவும்.

பிசிறல்: மைதா 60 கிராம், பழுப்புச் சர்க்கரை 50 கிராம், பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி. குளிர்ந்த வெண்ணெய் 45 கிராமை அதில் இட்டு விரல் நுனியால் பிசிறவும். சிறிது பொடியும் சிறிது பட்டாணி அளவுக் கட்டியுமாக வந்ததும் நிறுத்தவும். எல்லாம் பொடியானால் கேக் மாவுக்குள் அமிழ்ந்துவிடும்.

குழித்தட்டில் தாள் கிண்ணங்களை வைத்து, பாதிக்குச் சற்றுக் குறைவாக மாவு ஊற்றவும். நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம். அதை மூடும் அளவுக்கு மறுபடி மாவு. மேலே பிசிறலைப் போடவும், அழுத்த வேண்டாம். 180 டிகிரி செல்சியசில் 20 முதல் 25 நிமிடம். வெந்ததா என்று பார்க்கக் குச்சியை நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்தவும், நடுவில் பூரணம் ஒட்டி ஏமாற்றும்."

படிக்கும்போது எனக்கு இடறியது ஒரே இடம், அது 'மாவு'. பாக்கெட்டில் இருக்கும் பொடியும் மாவு, கரைத்து ஊற்றுவதும் மாவு, பிசைந்ததும் மாவு. நான் எழுதிய பகுதியில் பொடியை 'மைதா' என்றே சொன்னதால் தப்பித்தேன். முழுக் கோதுமையில் செய்பவருக்கு இந்த வழி உதவாது. 'கரைமாவு' என்று வைத்துக்கொள்ளலாமா? தொகுப்பாளர் தனி இழை தொடங்கினால் அங்கே பேசலாம்.

இன்னும் பெயரில்லாமல் இருப்பது, நான் முதலில் சொன்ன இரண்டாவது க்ரம்ப், அதாவது வெட்டினால் தெரியும் உட்பகுதி. 'சதை' என்றால் ஆப்பிள் சதையோடு மோதும். கற்றாழைச் சோறு என்கிறோமே, அந்தப் பொருளில் 'உட்சோறு' என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேக்குக்குள் சோறா என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மாற்றுச்சொல்லோடு வரவும்.