சூப்பர் ஃபோரும் எக்ஸ்ஜேஆரும்: சாவி மாற்றி ஓட்டிய மூன்று வாரங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

கடந்த பெப்ரவரியில் நானும் என் அத்தானும் மோட்டார் சைக்கிள்களை மூன்று வாரங்களுக்கு மாற்றிக்கொண்டோம். என்னுடையது காபரேற்றர் பொருத்திய, சுழற்சி கூடும்போது கூடுதல் வால்வுகளைத் திறக்கும் வீடெக் வகை ஹொண்டா சிபி 400 சூப்பர் ஃபோர். அவருடையது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த யமஹா எக்ஸ்ஜேஆர் 400. எது நல்ல வண்டி என்ற வாக்குவாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறும்வரை நீண்டதால், "சாவியை மாற்றிக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

காகிதத்தில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. இரண்டும் 399 சிசி. இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. சிலிண்டரின் விட்டம் 55 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 42 மில்லிமீற்றர் என்பதுகூட இரண்டுக்கும் ஒன்றே. 53 குதிரைவலு, அதுவும் நிமிடத்துக்கு 11,000 சுழற்சி என்ற அதே இடத்தில். ஜப்பானில் 400 சிசி வரையான வண்டிகளுக்கு ஓர் அனுமதிப்பத்திரப் பிரிவு இருந்ததாலும், அந்த வகுப்புக்கு 53 குதிரைவலுவே உச்சம் என்று அங்குள்ள உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வரம்பு வைத்திருந்ததாலும், 1992இல் வந்த சூப்பர் ஃபோரும் அதற்கு அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்ஜேஆரும் வலுவில் மோத இடமில்லாமல் குணத்தில் மோதவேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் நடுத்தர வண்டி என்றால் 650, 700 என்பார்கள்; மறைப்புப் பலகை எதுவும் இல்லாத இந்த 400களை நாம் நடுத்தரம் என்பது ஜப்பானியக் கணக்கு.

கொழும்பில் இவற்றைப் பிரிப்பது வெப்பம். என்னுடையது தண்ணீரால் குளிர்வது, அத்தானுடையது காற்றால் குளிர்வது. மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து சவோய் திரையரங்கு வரைக்கும் ஊர்ந்து வந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் அங்கே காற்று என்று ஒன்று இருப்பதில்லை. சூப்பர் ஃபோரில் வெப்பமானி மெல்ல ஏறும், பிறகு ரேடியேற்றர் விசிறி சுழலத் தொடங்கும், உடனே சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததுபோல ஒரு சூடு முழங்காலுக்குக் கீழே வந்து அடிக்கும். காற்சட்டை ஒட்டிக்கொள்ளும், வாய்க்குள் எதையாவது முணுமுணுப்போம், ஆனால் எஞ்சின் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

எக்ஸ்ஜேஆர் முதல் பத்து நிமிடங்கள் சாதுவாகவே இருந்தது. விசிறிச் சத்தமும் இல்லை, காலில் சூடும் இல்லை என்று அத்தானின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தேன். அதன் பிறகு, அடுப்புக் கல் சூடேறுவதுபோல, தொடையின் உட்பக்கத்தில் ஒரு சீரான வெப்பம் ஏறி அப்படியே நின்றுவிட்டது. வெள்ளவத்தைச் சந்தை அருகே சமிக்ஞை விளக்கில் நின்றபோது நியூட்ரலுக்குப் போக முயன்றேன். முதலாவது கியரிலிருந்து மேலே தட்டினால் இரண்டுக்குப் போனது, கீழே தட்டினால் மீண்டும் ஒன்றுக்கு வந்தது. நான்கு தடவைகள் முயன்றும் வண்டியில் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் என் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தட்டினேன், உடனே விழுந்தது. எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில்தான் என்பதால், அது கொதித்து நீர்த்துப்போன பின் கிளச் முழுமையாக விலகாமல் இழுக்கத் தொடங்குகிறது என்று அத்தான் அன்றிரவு தொலைபேசியில் விளக்கினார். வண்டி நிற்பதற்கு முன், கடைசி இரண்டு மீற்றர் உருளும்போதே நியூட்ரலைப் பிடித்துவிட வேண்டுமாம். அடுத்த நாளிலிருந்து அப்படியே செய்தேன், வேலை செய்தது. ஆனாலும் வண்டி தன் சூட்டைச் சமாளிக்க என்னைப் பழக்குகிறது என்ற எண்ணம் போகவில்லை.

நகரத்துக்கு வெளியே கதை மாறியது. இரண்டாவது சனிக்கிழமை விடியற்காலையில் அவிசாவளை வழியாகக் கிதுல்கல கடந்து கினிகத்தேனை ஏற்றம் வரை போனேன். களனி கங்கையை ஒட்டிய அந்த வளைவுகளில், ஈரக் காற்று சிலிண்டர்களின் வெளிப்புறத்தில் உள்ள குளிர்விக்கும் செதில்களுக்குள் புகுந்து போகும்போது, எக்ஸ்ஜேஆரின் எஞ்சின் வேறொரு வண்டியின் எஞ்சினைப்போல நடந்துகொண்டது. சுருதி மாறாத ஒரே குரலில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். என் சூப்பர் ஃபோரோ இரண்டு குரல் உள்ளது. 1999இல் வந்த முதல் வீடெக் வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 6,750 சுழற்சி வரை இரண்டு வால்வுகளே திறக்கும், அதற்கு மேல்தான் நான்கும் திறக்கும், அப்போது சத்தம் திடீரென்று கூர்மையாகி முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல இருக்கும். உண்மையைச் சொன்னால் கொழும்புக்குள் அந்த 6,750ஐ நான் தொடுவது வாரத்துக்கு ஒருமுறை இருந்தால் பெரிது. அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. நான் பதினாறு வால்வுக்குக் காசு கொடுத்து எட்டு வால்வு வண்டி ஓட்டுகிறேன் என்று அத்தான் கிண்டல் செய்வதில் நியாயம் இருக்கிறது.

தண்ணீருக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கமாட்டேன். வண்டியை வாங்கி நான்காம் மாதத்தில் தும்முல்லைச் சந்தியில் வெப்பமானி சிவப்பைத் தொட்டது. கராஜில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தபோது தேயிலைச் சாயம் போன்ற நீர் வெளியே வந்தது. எனக்கு விற்றவர் குளிர்விக்கும் திரவத்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார். துரு உள்ளே படிந்து பாதி வழிகளை அடைத்திருந்தது. எக்ஸ்ஜேஆர் வைத்திருப்பவருக்கு இந்த அனுபவம் வாய்க்கவே வாய்க்காது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மேலே எழுதியவரின் அத்தான் நான்தான். தம்பி நியூட்ரல் விடயத்தைச் சற்று மிகைப்படுத்திவிட்டார் என்றாலும் அது பொய்யல்ல. அவர் எடுத்துச் சென்ற வாரங்களில் ஒயில் மாற்றும் காலம் நெருங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும். நான் நமது வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றுகிறேன். புதிதாக மாற்றிய முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு அந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை.

சூப்பர் ஃபோரை ஓட்டிய மூன்று வாரங்களில் எனக்குப் பொறாமை வந்த இடம் ஒன்றுதான்: புறக்கோட்டையின் குறுகலான தெருக்களில், லொறிகளுக்கும் சுமை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகளுக்கும் நடுவே, அது சைக்கிளைப்போலத் திரும்புகிறது. என்னுடையதை அதே இடத்தில் திருப்ப இடுப்பும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். மற்றபடி அதன் விசிறி சுழலும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த விசிறியும் அதன் சுவிட்சும் ஒரு நாள் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு வந்துகொண்டே இருந்தது.

உதிரிப்பாகம் பற்றித் தம்பி எழுதாமல் விட்டார். வீடெக் சூப்பர் ஃபோரின் முன் ரயர் 120/60 அளவு. பெரிய வண்டிகளுக்கெல்லாம் 120/70 என்பதால், இந்த 60ஐக் கேட்டால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் முதலில் உங்களைத் திருத்துவார்கள், பிறகு இல்லை என்பார்கள். என் வண்டியின் முன் ரயர் 110/70. சிறிய வண்டிகளுக்கும் அதே அளவு வருவதால் அலையத் தேவையில்லை. பின்னால் 150/70, அதற்கு நானும் காத்திருந்திருக்கிறேன். நான்கு காபரேற்றர்களையும் சமப்படுத்தும் வேலை இருவருக்கும் பொது. ஆனால் வீடெக் எஞ்சினின் தலையைத் திறந்து வால்வு இடைவெளி பார்க்கத் துணியும் கராஜ் பாஸ்மார் கொழும்பில் அதிகம் பேர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் கெட்டதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது, ஆகவே திறந்து பார்க்கக்கூடிய எஞ்சின் என்பது எனக்கு அலங்காரப் பேச்சல்ல.

எரிபொருளில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, 92 ஒக்ரேன் போதும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்கு வாரம் 4 லீற்றர் கொடுத்த நாட்களில், 18 லீற்றர் தாங்கிக்குள் அது விழுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபத்தைந்து, எழுபது கிலோமீற்றர் ஓடும். அதை வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்தேன்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் நிறுத்தியதால் என் சிலிண்டர் செதில்களில் வெள்ளைப் பூ பூத்துத் திரும்பி வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். பழைய பல் தூரிகையோடு இரண்டு மாலைகள் போயின. தம்பி உதவிக்கு வரவில்லை.

தெகிவளையிலிருந்து:

நான் சென்ற ஆண்டு இந்த இரண்டு வகைகளிலும் ஒவ்வொன்றைப் பார்த்துவிட்டு வாங்கிய பெண். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்பதால் முதலில் பார்த்தது கால் நிலத்தில் படிகிறதா என்பதைத்தான். சூப்பர் ஃபோரில் இரண்டு பாதங்களும் பதிந்தன. எக்ஸ்ஜேஆரில் தாங்கி அகலமாக இருந்ததால் தொடை விரிந்து குதிகால் சற்று மேலே நின்றது.

எக்ஸ்ஜேஆர் விற்க வந்தவர் நான் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். புகைபோக்கிக் குழாய்களின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனபோதே தெரிந்துவிட்டது. குளிர்ந்திருக்கும்போது சொக் இழுத்து எப்படித் தொடங்குகிறது, முதல் நிமிடத்தில் புகை வருகிறதா என்பதைப் பார்க்கவிடாமல் செய்யும் தந்திரம் அது. பதிவுச் சான்றிதழை வாங்கி எஞ்சின் இலக்கத்தை ஒப்பிட்டேன். இலக்கம் பொருந்தவில்லை, அதில் எழுதியிருந்த கொள்ளளவு 250. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே நான் சூப்பர் ஃபோரைத் தெரிவுசெய்தேன் என்பதைவிட, எனக்கு எஞ்சியது அதுதான்.

அண்ணா, நீங்கள் இருவரும் திருப்பிக் கொடுத்தபின் யாராவது மனம் மாறினீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கச்சி, மாறவில்லை. மாலையில் காலி வீதியில் வீடு திரும்பவேண்டியவருக்குச் சூப்பர் ஃபோர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போய் நெரிசலுக்கு முன் திரும்புகிறவராகவோ, வார இறுதியில் மட்டும் மலைப் பக்கம் போகிறவராகவோ இருந்தால் நான் எக்ஸ்ஜேஆரைத் தேடியிருப்பேன். நீங்கள் வாங்கியதில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து நிறம் பார்த்தீர்களா? எஞ்சின் நன்றாக ஆறியபின் திறக்கவும்.

அத்தானின் செதில்களைப் பற்றிய குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன், மழைச் சீலை போட்டு மூடியிருக்கலாம். அவர் வண்டி எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். என் சூப்பர் ஃபோரில் நியூட்ரல் எப்போதும் தட்டியவுடன் விழும். ஆனாலும் இப்போது ஒவ்வொரு விளக்கிலும் நிற்பதற்கு இரண்டு மீற்றர் முன்பே, உருளும்போதே, கால் விரல் தானாகப் போய்த் தட்டிவிடுகிறது. பின்னால் அமர்ந்து வந்த அக்கா இரண்டு தடவை இதைக் கவனித்துவிட்டு, "இது அவர் செய்வதல்லவா?" என்று கேட்டார்.