ஐஎல்-2 1946: ரத்மலானை மிஷன் பாதியில நின்னுடுது, ஹரிக்கேன் ஸ்கின் வெள்ளையா வருது, உதவி வேணும்

மேல்கொத்மலை42

வணக்கம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கினதை, ஐஎல்-2 1946ங்கிற விமானப் போர் கம்ப்யூட்டர் கேம்ல (4.12.2 பதிப்பு) மிஷனா செஞ்சுக்கிட்டு இருக்கேன். ரத்மலானையில 30ஆம் ஸ்குவாட்ரனோட ஹரிக்கேன் மாக் 2பி. எதிர்ல ஜப்பானோட ஏ6எம்2 ஸீரோ போர்விமானம், டி3ஏ1 டைவ் பொம்பர். மூணு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணு: கிம்ப்ங்கிற பட சாப்ட்வேர்ல வரைஞ்ச ஸ்கின்னோட (விமானத்து மேல ஒட்டுற வண்ணப் படம்) பேர் பட்டியல்ல வருது. தேர்ந்தெடுத்தா விமானம் முழுக்க வெள்ளை. அளவு 1024க்கு 1024, ஃபைல் 3,145,782 பைட்.

ரெண்டு: மிஷன் 70 வீதத்துக்குக் கிட்ட லோட் ஆகி அப்படியே டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. இலங்கை மேப்பை வேற கம்ப்யூட்டர்ல இருந்து பென் டிரைவ்ல கொண்டு வந்து போட்டது. மோட்ஸ் ஃபோல்டர்ல 40 மோட் (மத்தவங்க செஞ்ச கூடுதல் சேர்க்கைகள்) கிட்ட இருக்கு.

மூணு: குயிக் மிஷன்ல ஹரிக்கேன் மட்டமா நேரா போகும்போதே என்ஜின் விட்டு விட்டு இருமுது. சூடு ஏறல, பெட்ரோல் 100 வீதம்.

ஐ3, 8 ஜிபி ரேம், இன்டெல் உள் கிராபிக்ஸ், விண்டோஸ் 10. கேம் இருக்கிறது சி டிரைவ்ல புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள. ஜாய்ஸ்டிக் பழைய யூஎஸ்பி.

ராகலை_ரன்வே

எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து இன்ஸ்டால் பண்ணுங்க. வேகமான வழி அதுதான்.

நானுஓயா_லாக்

அழிக்க வேணாம். அதே 40 மோட்டையும் திரும்பப் போட்டா அதே இடத்துலதான் மோதும், எது மோதுச்சுன்னும் தெரியாமப் போயிடும்.

ஸ்கின்: ஃபைல் அளவை எழுதினதுக்கு நன்றி, அதுலயே பதில் இருக்கு. 1024 × 1024 = 1,048,576 புள்ளி. புள்ளிக்கு 3 பைட், தலைப்பகுதிக்கு (ஃபைல் தொடக்கத்துல படத்தோட விவரம் இருக்கிற இடம்) 54 பைட் சேர்த்தா சரியா 3,145,782 வரும். அப்போ நீங்க சேமிச்சது 24 பிட் படம். இந்த கேம் கேக்கிறது 8 பிட், 256 நிறப் பட்டியல் உள்ள பிஎம்பி. அதுக்கு 1,048,576 + நிறப்பட்டியல் 1,024 + தலைப்பகுதி 54 = 1,049,654 பைட். பிராப்பர்ட்டீஸ்ல இந்த எண் வந்தா ஸ்கின் சரி.

கிம்ப்ல இமேஜ், மோட், இன்டெக்ஸ்ட் போங்க. நிறம் 256, டிதரிங் (இல்லாத நிறத்தைப் புள்ளி கலந்து காட்டுறது) வேணாம். டிதரிங் போட்டா வட்டச் சின்னத்தோட விளிம்புல மணல் தூவின மாதிரி புள்ளி விழும். அப்புறம் எக்ஸ்போர்ட்ல பிஎம்பி. அங்க வர்ற சின்னப் பெட்டியிலதான் நிறைய பேர் தவறுறாங்க. ரன்லெங்த்ங்கிற சுருக்க முறைக்கு இருக்கிற டிக்கை எடுத்துடணும். கம்பாட்டிபிலிட்டிக்குள்ள, கலர் ஸ்பேஸ் விவரத்தை எழுதாதேன்னு இருக்கிற இடத்துல டிக் போடணும். போடலைன்னா தலைப்பகுதி நீண்டு, ஃபைல் 1,049,654ஐ விட சில பத்து பைட் கூடி நிக்கும். 2006ல வந்த கேமுக்கு அந்தத் தலைப்பு புரியாது, திரும்பவும் வெள்ளைதான்.

வரையிற வேலையை கிம்ப்போட சொந்த ஃபைல்லயே வச்சுக்கங்க. இன்டெக்ஸ் பண்ணின படத்துமேல திரும்ப வரைஞ்சா, பட்டியல்ல இல்லாத நிறம் பக்கத்து நிறத்துல போய் ஒட்டிக்கும். ஃபைல் பேர்ல ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், தமிழ்ல பேர் வைக்காதீங்க. மாத்தின பிறகும் பழைய படமே வந்தா பெயின்ட்ஸ்கீம்ஸ்குள்ள இருக்கிற கேஷ் ஃபோல்டரைக் காலி பண்ணுங்க.

மிஷன்: 70 வீதம்ங்கிறதை வச்சு யாராலயும் காரணம் சொல்ல முடியாது. கேம் தான் செஞ்சதை எழுதி வைக்கிற லாக் ஃபைல் வேணும். கான்ஃப் ஐஎன்ஐ ஃபைலை நோட்பேட்ல திறந்து, கன்சோல் பிரிவுல லாக்=0ன்னு இருக்கிறதை 1 ஆக்குங்க. கேமைத் திறந்து, மிஷனை விழ விட்டு, கேம் ஃபோல்டர்ல இருக்கிற லாக் எல்எஸ்டி ஃபைலோட கடைசி பத்து வரியை இங்க போடுங்க.

அதுக்கு முன்னாடி முழு ஃபோல்டரையும் சி டிரைவ்ல கேம்ஸ்னு ஒரு இடத்துக்கு மாத்திடுங்க. புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள பழைய 32 பிட் கேம் எழுத முயற்சி பண்ணினா, விண்டோஸ் அதை ஆப்டேட்டாவுல இருக்கிற வெர்ச்சுவல்ஸ்டோருக்குத் திருப்பி விட்டுடும். அப்புறம் நீங்க திருத்துறது ஒரு ஃபைல், கேம் படிக்கிறது இன்னொரு ஃபைல். இந்த கேமை நகர்த்துறதுக்குத் திரும்ப இன்ஸ்டால் பண்ணத் தேவையில்ல.

பண்டாரவளை_மெர்லின்

மூணாவது எனக்கு. தம்பி, உங்க என்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஜாய்ஸ்டிக்கைப் பாருங்க.

ஹரிக்கேனோட மெர்லின் என்ஜின்ல இருக்கிற எஸ்யூ கார்புரேட்டர்ல மிதவை அறை ஒண்ணு இருக்கு. மூக்கைச் சட்டுனு கீழ தள்ளினா ஜி மைனஸாகி, பெட்ரோல் அறையோட மேல்பக்கம் ஏறிக்கும். ஜெட்டுக்கு (பெட்ரோல் பீய்ச்சுற துளை) பெட்ரோல் போகாது, என்ஜின் ஒரு நொடி வெட்டும். உடனே மிதவை தப்பா கீழ இறங்கி பெட்ரோல் அளவுக்கு மீறி வழிஞ்சு, கறுப்புப் புகையோட ரெண்டாவது தடவை வெட்டும். 1940ல ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானக் காரங்க நேரா மூக்கைத் தள்ளித் தப்பிச்சது இதனாலதான். அவங்க டிபி 601 என்ஜின்ல பெட்ரோல் நேரடியா பீய்ச்சப்படும். 1941ல ஃபார்ன்பரோவுல பீட்ரிஸ் ஷில்லிங் அம்மா, பெட்ரோல் குழாய்ல போடுற மாதிரி துளை உள்ள ஒரு சின்னத் தடுப்பைக் கண்டுபிடிச்சு அந்த வழிசலை அடக்கினாங்க. ஒரு சின்ன உலோகத் துண்டு எத்தனை விமானிகளுக்கு உதவியிருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னும் மலைப்புத்தான்.

இந்த கேம்லயும் அந்த வெட்டு இருக்கு. நீங்க மூக்கைத் தள்ளலைன்னாலும் ஜாய்ஸ்டிக் தள்ளுது. சோதிச்சுப் பாருங்க: அதே ஜாய்ஸ்டிக்கோட 109ல மட்டமா பறங்க. என்ஜின் இருமாது, ஆனா மூக்கு அப்பப்போ கீழ துடிக்கும். துடிச்சா பொட்தான் (ஸ்டிக்கோட அசைவை அளக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) காரணம். இன்னொரு வழி, விண்டோஸ் ரன் பெட்டியில ஜாய் சிபிஎல் அடிச்சு, பிராப்பர்ட்டீஸ்ல கையை எடுத்துட்டு அந்தச் சிலுவைக் குறியை ஒரு நிமிஷம் பாருங்க. தானா குதிக்கக் கூடாது.

உங்க பக்கம் மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் சுவரே வேர்க்கும். பொட்டுக்குள்ள இருக்கிற கரித் தடத்துல ஈரமும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலமாப் படியும். உள்ளே ஓடுற சின்னச் செம்பு விரல் அந்த இடத்துல தடத்தை விட்டு எழும்பிடும். அடிப்பலகையைக் கழட்டி, முன்னும் பின்னும் போற அச்சோட பொட்டைக் கண்டுபிடிங்க. மூணு கால் இருக்கும். மல்டிமீட்டரை ஓம்ல வச்சு நடுக்கால்லயும் ஓரக்கால்லயும் பிடிச்சு, ஸ்டிக்கை மெதுவா நகர்த்துங்க. எண் சீரா ஏறணும். நடுவுல திடீர்னு தாவித் திரும்பினா அழுக்கு அங்கதான்.

எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை, கால்கள் உள்ள போற இடுக்கு வழியா ஒரு சின்ன அழுத்து. ஸ்டிக்கை இந்தக் கோடி அந்தக் கோடின்னு 30 தடவை ஆட்டி, கால் மணி நேரம் காய விட்டு, விண்டோஸ்ல திரும்பக் கேலிபிரேட் பண்ணுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீங்க. முதல் வாரம் நல்லா இருக்கும், அப்புறம் அந்த எண்ணெய்லயே தூசி ஒட்டி முன்னைவிட மோசமாயிடும்.

கிளீனர் வாங்குற வரைக்கும் கான்ஃப் ஐஎன்ஐல ஆர்டிஎஸ் ஜாய்ஸ்டிக் பிரிவுல ஒய் வரியைத் திருத்துங்க. 12 எண் இருக்கும்: முதல் எண் நடுவுல செத்த இடம் (ஸ்டிக் அசைஞ்சாலும் கணக்குல எடுக்காத இடம்), இடையில உள்ள பத்து உணர்திறன், கடைசி எண் துடிப்பைக் குறைக்கிற வடிகட்டி. முதலை 5 ஆக்குங்க, கடைசியை 20 ஆக்குங்க. வடிகட்டியைக் கூட்டிக்கிட்டே போனா மூக்கு உங்க கைக்குத் தாமதமா வரும், குறி வைக்க முடியாது.

மேல்கொத்மலை42

ரொம்ப நன்றி அண்ணே ரெண்டு பேருக்கும். ஸ்கின் இப்போ 1,049,654, அழகா வந்திருக்கு. 109ல பறந்தேன், என்ஜின் இருமல, மூக்கு துடிச்சது. மீட்டர்லயும் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால எண் தாவுது.

கேமை வேற ஃபோல்டருக்கு மாத்தின பிறகு லாக் வந்துச்சு. கடைசி வரியில மேப்போட ஒரு நில டெக்ஸ்சர் (தரை மேல விரிக்கிற படம்) பேர் இருக்கு, திறக்க முடியலைன்னு. ஆனா அந்த டிஜிஏ ஃபைல் ஃபோல்டர்ல இருக்கு! அளவு 1,900,544.

நானுஓயா_லாக்

ஃபைல் இருக்கு, முழுசா இல்ல. 1024க்கு 1024, 24 பிட், சுருக்காத டிஜிஏன்னா 3,145,728 + தலைப்பகுதி 18 = 3,145,746 பைட் இருக்கணும். சில ஃபைல்கள்ல வாலா ஒரு 26 பைட் கூட இருக்கலாம். உங்களது பாதி தாண்டின இடத்துல அறுந்திருக்கு. கொப்பி ஆகும்போது கரண்ட் போயிருக்கும், இல்லைன்னா பென் டிரைவை எழுதி முடியிறதுக்கு முன்னாடியே உருவியிருப்பீங்க. பின்னேரம் இடி இடிக்கிற நாட்கள்ல பெரிய ஃபோல்டர் கொப்பியை லேப்டொப்ல பேட்டரியோட செய்றது நல்லது.

அந்த ஒண்ணை மட்டும் மாத்தி நிறுத்திடாதீங்க. அதே ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர்ல அளவு வாரியா அடுக்குங்க. ஒரே மாதிரி டெக்ஸ்சர் எல்லாம் ஒரே எண்ணுல வரிசையா நிக்கும், அறுந்ததும் 0 பைட்டும் தனியாத் தெரியும். எல்லாத்தையும் மூல கம்ப்யூட்டர்ல இருந்து எடுங்க, எஜெக்ட் பண்ணிட்டு உருவுங்க.

அப்படியும் விழுந்தா மேப்போட லோட் ஐஎன்ஐல ஃபீல்ட்ஸ் பிரிவைப் பாருங்க. அங்க எழுதியிருக்கிற ஒவ்வொரு டெக்ஸ்சரும் உங்ககிட்ட இருக்கணும். மேப் செஞ்சவர்கிட்ட வேற டெக்ஸ்சர் பேக் இருந்திருந்தா சில பேர் அங்க இருக்கும், உங்க டிஸ்க்ல இருக்காது. இல்லாத பேருக்குப் பதிலா அதே மாதிரி நிலத்துக்கு உங்ககிட்ட உள்ள ஒண்ணை எழுதினாப் போதும்.

லாக்ல விமான கிளாஸ் கிடைக்கலைன்னு வந்தா அது மோட் மோதல். மோட் ஃபோல்டர் பேருக்கு முன்னால ஒரு கழித்தல் குறி போட்டா கேம் அதைப் படிக்காது. 40ல 20ஐ அப்படி நிறுத்துங்க. சரியாயிட்டா பிரச்சினை அந்த 20ல இருக்கு, அதுல பத்தைத் திறங்க. ஆறு தடவைக்குள்ள ஆள் அகப்பட்டுடும். மோட்ஸோட கேமைத் திறக்கிற செலக்டர்ல ரேம் அளவை 512ல வைங்க. 8 ஜிபி இருக்கேன்னு அளவுக்கு மீறி ஏத்தினா இந்த 32 பிட் கேம் திறக்கிறதே சந்தேகம்.

கொட்டகலை_ஈஸ்டர்

ஸ்கின் படத்தைப் பார்த்தேன். உருமறைப்பு நல்லா வந்திருக்கு, ஆனா வட்டச் சின்னம் தப்பு. நீங்க போட்டிருக்கிறது கருநீலமும் வெளிர்நீலமும், சிவப்பே இல்லாதது. ஜப்பான் சிவப்பு வட்டத்தோட குழம்பக் கூடாதுன்னு தென்கிழக்காசியப் படைகள் சிவப்பை எடுத்தது பிந்தி. 1942 ஏப்ரல்ல வேண்டியது பழைய வகை: உடல்ல நீலம், வெள்ளை, சிவப்பு, வெளியில தடிச்ச மஞ்சள் வளையம். சிறகு மேல்பக்கம் நீலமும் சிவப்பும் மட்டும். வால்ல மூணு பட்டையும் சம அகலம். மெல்லிய மஞ்சளும் ஒடுங்கின வெள்ளையும் அந்த வருஷம் மே மாசத்துக்குப் பிறகுதான். கேமோட சொந்தச் சின்னம் உங்க சின்னத்து மேல ஏறாம இருக்க, மிஷன் ஃபைல்ல அந்த விமானத்துக்கு நம்பர்ஆன்0 வரியில 0 போடுங்க.

நேரத்தையும் பாருங்க. மிஷன் ஃபைல்ல டைம் 7.50ன்னு எழுதியிருக்கீங்க. அது தசமம். 7.50ன்னா 7 மணி 30. 7 மணி 50 வேணும்னா 7.83.

127 விமானத்தையும் போட முயற்சி பண்ணாதீங்க. ஜப்பான் கப்பல் படைத் தலைவர் நகுமோ அனுப்பினது 91 பொம்பரும் 36 ஸீரோவும்தான், ஆனா உங்க ஐ3 துறைமுகத்துக்கு மேல மூச்சுத் திணறும். 12 ஸீரோ, 12 டி3ஏ, 8 பி5என் பொம்பர், உங்க பக்கம் 12 ஹரிக்கேன் போதும். ரத்மலானைக்கு எச்சரிக்கை வராததால 30ஆம் ஸ்குவாட்ரன் குண்டு விழும்போதே ஏறிச்சு. அதனால ஹரிக்கேனை வானத்துல வைக்காதீங்க, ஓடுபாதையில வைங்க. 258ஆம் ஸ்குவாட்ரன் ரேஸ்கோர்ஸ் திடல்ல. அந்தத் திடல் இருக்கிறதே ஜப்பான்காரங்களுக்குத் தெரியாது, அதனால அங்க குண்டு போடுற வேபாயின்ட் (விமானம் போக வேண்டிய இடக் குறி) ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

மேல்கொத்மலை42

ஏழு டெக்ஸ்சர் அறுந்திருந்துச்சு, ரெண்டு 0 பைட். எல்லாம் மாத்தினேன், மிஷன் முழுசா லோட் ஆகுது. வட்டச் சின்னத்தை மாத்தி டைம் 7.83 போட்டாச்சு. கிளீனர் ஹட்டன்ல கிடைச்சது, 30 தடவை ஆட்டினதுல சிலுவை அசையாம நிக்குது, அதனால வடிகட்டியைத் திரும்ப 0 ஆக்கிட்டேன். அன்னைக்கு வந்த பிரிட்டிஷ் ஸ்வோர்ட்ஃபிஷ் டார்பிடோ விமானம் 6ஐ எங்க இருந்து வர வைக்கணும்?

கொட்டகலை_ஈஸ்டர்

திருகோணமலை சைனா பேயில இருந்து வந்த 788ஆம் ஸ்குவாட்ரன். வடகிழக்கு மூலையில வைங்க, டார்பிடோ மாட்டி, தாழ்வா, ரத்மலானையில இறங்குற வேபாயின்ட்டோட. ஆறும் அன்னைக்கு விழுந்துச்சு. ஸீரோவுல ஒரு நாலை அவங்க வழியில விடுங்க.