க்ளோசேவின் 16 கோல்கள் வெறும் தட்டிவிடல்தானா?

வலப்பக்கம் (கேள்வி)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் கால்பந்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியதே 2018-க்குப் பிறகுதான். பழைய உலகக் கோப்பை ஆட்டங்களை இப்போது ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வருகிறேன். மிரோஸ்லாவ் க்ளோசே நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல் போட்டிருக்கிறார். பிரேசிலின் ரொனால்டோ 15, கெர்ட் முல்லர் 14. ஆனால் அந்த இருவரைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் வருகிற பரவசம் க்ளோசே பேச்சில் வருவதில்லை.

அவருடைய கோல்களை மட்டும் தொகுத்த காணொளி ஒன்று பார்த்தேன். பெரும்பாலானவை கோல் வாசலுக்குப் பக்கத்தில் தலையால் முட்டியவை, இல்லையென்றால் காலால் தள்ளிவிட்டவை. "நல்ல அணியில் இருந்தார், பந்து வந்தது, தட்டிவிட்டார்" என்கிறான் என் நண்பன். அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை, மறுத்துப் பேசவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஜெர்மனியைப் பிடிக்காதவர்கள்கூட இந்த மனிதரைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஏன்? எதைப் பார்த்தால் எனக்கும் அது பிடிபடும்?

பழைய ஒன்பது

தம்பி, வெட்டி ஒட்டிய காணொளியில் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வதுதான் தெரியும். க்ளோசேவின் வேலையில் முக்கால்வாசி அந்தக் காணொளி தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பந்து அவருக்கு வந்தது என்று சொல்வதைவிட, பந்து வரப்போகும் இடத்துக்கு அவர் முன்கூட்டியே போய்விட்டார் என்பதுதான் சரி.

முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள். போலந்தின் ஓப்போலேயில் 1978-இல் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போனபோது அவருக்குத் தெரிந்த ஜெர்மன் இரண்டே சொற்கள். கூசல் என்ற சிறிய ஊர்ப் பக்கம் வளர்ந்தார், தச்சு வேலை பழகினார். பெரிய கிளப் எதன் அகாடமியும் அவரைச் சிறுவயதில் எடுத்து வளர்க்கவில்லை. இருபது வயதை நெருங்கும்போதும் ஆடிக்கொண்டிருந்தது ப்ளௌபாக் டீடல்கோஃப் என்ற கிராமத்து அணியில். ஜெர்மன் கால்பந்தின் ஏழாவது நிலை அது. அந்த வயதில் பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்களுக்கு, அதாவது கோல் போடும் முன்கள ஆட்டக்காரர்களுக்கு, ஏஜென்ட், ஒப்பந்தம், கார் எல்லாம் வந்துவிட்டிருக்கும்.

1998-இல் ஹோம்பர்க், 1999-இல் கைசர்ஸ்லாவுட்டர்னின் இரண்டாம் அணி, 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் அறிமுகம். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மனிக்கு முதல் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தலையால் வெற்றிக் கோல். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவுக்கு எதிராக ஹாட்ரிக். கிராமத்து மைதானத்திலிருந்து அந்த ஆட்டம் நடந்த ஜப்பானின் சப்போரோ வரைக்கும் நான்கே ஆண்டு. இந்த வேகத்தில் ஏறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏறிய பிறகு 2014 வரை இறங்காமலே இருந்தவர்களைப் பார்த்ததே இல்லை.

அந்த 2002-இல் அவர் போட்ட ஐந்துமே ஹெட்டர். உயரம் 182 சென்டிமீட்டர்தான். ஐரோப்பிய சென்டர் பேக்குகளுக்கு (நடுத் தடுப்பாளர்களுக்கு) நடுவே அது உயரமே கிடையாது. இங்கேதான் உங்கள் நண்பரைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நான் வார இறுதி அணிகளில் பல வருடம் ஒன்பதாம் எண்ணில், அதாவது ஸ்ட்ரைக்கராக, ஆடியவன், இன்னும் முடிந்தபோது ஆடுகிறேன். ஓரத்திலிருந்து கோல் வாசலுக்கு முன்னால் அடிக்கிற கிராஸ் வரும்போது தன்னைவிட உயரமானவனை மீறித் தலை வைப்பது எவ்வளவு கடினம் என்று உடம்பால் தெரியும். டிஃபெண்டர் பந்தைப் பார்க்கத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் அவன் முதுகுப் பக்கமாக விலகி, பிறகு அவன் முன்னால் வெட்டி வர வேண்டும். முன்கூட்டி வந்தால் ஆள் ஒட்டிக்கொள்வான், தாமதித்தால் பந்து போய்விடும். க்ளோசே முதலில் தூர கம்பத்தை நோக்கி இரண்டு அடி போவார். டிஃபெண்டர் கூடவே நகர்ந்ததும் அப்படியே திரும்பி உள்ளே வருவார். பத்து கிராஸில் ஒன்பதுக்கு அந்த ஓட்டம் வீணாகும். பத்தாவது கிராஸுக்கும் அதே ஓட்டத்தை அதே வேகத்தில் ஓடுவார். அந்தப் பத்தாவதைத்தான் உங்கள் காணொளியில் பார்த்திருக்கிறீர்கள்.

பந்து பறிபோனால் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். கையை விரித்துக்கொண்டு நிற்கமாட்டார், நடுவரைப் பார்த்துக் கத்தமாட்டார். திரும்பித் துரத்துவார். முப்பது மீட்டர் பின்னால் வந்து சொந்த அணியின் நடுக்கள ஆளுக்கு உதவிவிட்டு, திரும்பவும் முன்னால் ஓடுவார். என் அணியில் புதிதாக வரும் இளம் ஸ்ட்ரைக்கர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ரொனால்டோவைக் காட்டினால் பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், ஆனால் அதை யாராலும் பின்பற்ற முடியாது. க்ளோசேவைக் காட்டினால் அடுத்த ஆட்டத்திலேயே ஒரு பையனாவது பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறான்.

நடுக்களம்

பழைய ஒன்பது அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் "எங்கிருந்தோ வந்தவர்" கதையை முழுசாக ஏற்க முடியவில்லை. அவருடைய அப்பா யோசெஃப் தொழில்முறை கால்பந்து வீரர். ஓப்போலேயில் ஆடியவர், பிரான்ஸில் ஓசேர் அணிக்கும் ஆடியவர். அம்மா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். அந்த எம்புதலும் உடல் கட்டுப்பாடும் ரத்தத்தில் வந்தவை.

இன்னொன்று. 2002-இன் ஐந்து கோல்களையும் பிரித்துப் பாருங்கள். சவூதிக்கு எதிராக மூன்று, அயர்லாந்துக்கு ஒன்று, கேமரூனுக்கு ஒன்று. எல்லாமே குரூப் ஆட்டங்கள். தோற்றால் வெளியேற்றம் என்கிற நாக்அவுட் தொடங்கியதும் இறுதி ஆட்டம் வரை ஒன்றுகூட இல்லை. வலப்பக்கத்தின் நண்பர் கேட்பதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

பழைய ஒன்பது

நடுக்களம் சொன்ன விவரங்கள் சரி. ஆனால் ரத்தத்தில் வந்தது என்றால் அது இருபது வயது வரை ஒரு தேர்வாளர் கண்ணுக்கும் படாமல் எங்கே இருந்தது? அப்பா வீரராக இருந்ததால் வீட்டில் கால்பந்து இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. அப்பா பெயரை வைத்துக் கதவு எதுவும் திறக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாக்அவுட் விஷயத்துக்கு வருகிறேன். 2002-ஐ மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். 2006 காலிறுதி, பெர்லின், எதிரணி அர்ஜென்டினா. அயாலா ஹெட்டரில் அவர்கள் முன்னிலை. 80-ஆவது நிமிடம் பலாக் இடப்பக்கமிருந்து கிராஸ் போடுகிறார், போரோவ்ஸ்கி தலையால் லேசாகத் திருப்பிவிடுகிறார், க்ளோசே முட்டி உள்ளே தள்ளுகிறார். அந்தக் கோல் இல்லையென்றால் ஜெர்மனி அன்றே வீட்டுக்குப் போயிருக்கும். கடைசியில் பெனால்டியில் வென்றார்கள். அந்தத் தொடரில் ஐந்து கோலோடு தங்கக் காலணியும் அவருக்குத்தான்.

2010-இல் இங்கிலாந்துக்கு எதிரான கோலை உங்கள் நண்பருக்குத் தனியாகக் காட்டுங்கள், வலப்பக்கம். ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் கோல் கிக் அடிக்கிறார். நடுவில் யாரும் தொடவில்லை. கோல் கிக்கில் ஆஃப்சைடு கிடையாது என்பதால் க்ளோசே டிஃபெண்டர்களுக்குப் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்து டிஃபெண்டர் அப்சன் தோளால் இடிக்கிறார், சட்டை இழுபடுகிறது, இவர் விழவில்லை. சறுக்கிக்கொண்டே வலது காலை நீட்டி, கோல்கீப்பரைத் தாண்டித் தள்ளிவிடுகிறார். அங்கே விழுந்திருந்தால் ஒரு ஃபவுல்கூடக் கிடைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியது கோல். அடுத்த சுற்றில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இன்னும் இரண்டு. நாக்அவுட்டில் இவ்வளவு போதாதா?

அப்புறம் ஒரு விஷயம். க்ளோசே கோல் போட்ட எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. 137 ஆட்டம், 71 கோல், கெர்ட் முல்லரின் 68-ஐத் தாண்டியவர். முல்லர் அதைவிடப் பாதிக்கும் குறைந்த ஆட்டங்களில் 68 போட்டவர், அவர் வேறு ரகம். அவரை இவரோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை.

வானநீலம்

இத்தாலியில் ரோம் நகரத்து லாசியோ அணியின் ரசிகன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். 33 வயதில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் இருந்து எங்கள் அணிக்கு வந்தார். ஓய்வுக்கு முன்னால் காசு பார்க்க வருகிறார் என்று அப்போது பலர் பேசினார்கள். முதல் அக்டோபரிலேயே அதே நகரத்து ரோமாவுக்கு எதிரான டெர்பியில் 93-ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல். 2013 மே மாதம் போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து. வயது அப்போது 34.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கோல் இல்லை. 2012 செப்டம்பர், நாபோலி மைதானம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் கார்னரில் இருந்து பந்து வலைக்குள் போனது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். பந்து கையில் பட்டது என்று க்ளோசே தானே போய் நடுவரிடம் சொன்னார். கோல் ரத்து. நாபோலி வீரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவர்களுடைய கவானி மூன்று கோல் போட்டு நாங்கள் 3-0 என்று தோற்றோம். அந்த ராத்திரி எனக்குத் தோல்வியின் வலியும் இருந்தது, இப்படி ஒரு ஆள் நம் அணியில் ஆடுகிறார் என்ற பெருமையும் இருந்தது.

அது ஏதோ அன்றைக்கு மட்டும் வந்த நல்ல புத்தி என்று நினைக்க வேண்டாம். 2005-இல் வெர்டர் ப்ரேமனில் இருந்தபோது பீலஃபெல்டுக்கு எதிராக அவருக்குப் பெனால்டி கொடுத்தார்கள். கோல்கீப்பர் என்னைத் தவறாகத் தள்ளவில்லை என்று சொல்லி அதையும் மாற்ற வைத்தவர் இவர். ஏழு வருட இடைவெளியில் இரண்டு நாடுகளில் ஒரே மாதிரி நடந்திருக்கிறார். ஜெர்மனியைப் பிடிக்காதவர்களும் ஏன் மதிக்கிறார்கள் என்று கேட்டீர்களே, பாதிப் பதில் இதில் இருக்கிறது.

நடுக்களம்

நாபோலி ஆட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதில் மறுபேச்சே இல்லை. இங்கிலாந்து கோலையும் இப்போது மறுபடி பார்த்தேன். அப்சனோடு நடந்த அந்த இழுபறியை முன்பு இவ்வளவு கவனித்ததில்லை. ஆனால் பெற்றோர் விஷயத்தில் என் கருத்து அப்படியே நிற்கிறது.

வலப்பக்கம்

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. நாபோலி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. 2014 அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி வென்ற 7-1 ஆட்டத்தில் அந்தப் பதினாறாவது கோலைப் பற்றித்தான் நண்பன் அதிகம் பேசுகிறான். முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்து, பந்து திரும்ப இவர் காலுக்கே வந்ததை அதிர்ஷ்டம் என்கிறான். அதற்கு என்ன சொல்வது? முழு ஆட்டமாக ஒன்றே ஒன்று பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பழைய ஒன்பது

அந்தக் கோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். க்ரூஸ் உள்ளே கொடுக்கிறார், தாமஸ் முல்லர் தட்டிவிடுகிறார், க்ளோசே அடிக்கிறார், பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுக்கிறார். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருந்த பிரேசில் வீரர்களைக் கவனியுங்கள், யார் கால் நகர்கிறது? அடித்த கையோடு பந்தின் பின்னாலேயே போனவர் இவர்தான். வயது 36. பந்து திரும்பி வந்தது தற்செயல்தான், அதை எடுக்க அவர் அங்கே இருந்தது தற்செயல் இல்லை. அதே தொடரில் கானாவுக்கு எதிராக 69-ஆவது நிமிடத்தில் இறங்கி 71-இல் கோல் போட்டாரே, அதுவும் இதே ரகம்தான். கார்னரில் ஹோவெடெஸ் தலையால் திருப்பிய பந்து கம்பத்துப் பக்கம் போகிறது, அங்கே இவர் கால் காத்திருக்கிறது. இறங்கி இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது, ஆட்டத்தின் சூடு உடம்பில் ஏறக்கூட நேரமில்லை.

முழு ஆட்டம் என்றால் 2006 அர்ஜென்டினா காலிறுதி. எங்கும் தாவாமல் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு க்ளோசேவின் 11-ஆம் எண்ணை மட்டும் பின்தொடருங்கள், முடிந்தால் முதல் பாதி முழுக்க. அந்தப் பாதியில் அவருக்கு ஒன்றுமே சரியாக அமையாது. அயாலாவும் ஹைன்ஸேவும் விடமாட்டார்கள். ஓடுவார், பந்து வராது, திரும்ப ஓடுவார். நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். 80-ஆவது நிமிடம் வரைக்கும் அவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும், அது மட்டும் உங்கள் பொறுப்பு. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள் தம்பி, நண்பர் என்ன சொன்னார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.