ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாமா? கல்யாணச் சமையல் தொழிலில் இருப்பவன் கேட்கிறேன்

இலைக்கணக்கு, கும்பகோணம்:

நண்பர்களுக்கு வணக்கம். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். டாலஸில் இருக்கும் என் மச்சினன் ஆனி கடைசியில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். அவன் புதுசு வாங்கிவிட்டான். கையில் இருந்த ஐபோன் 14 அத்தானுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறானாம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

யூடியூபில் இரண்டையும் வைத்துப் பேசுகிறவர்கள் கேமரா, கேம் இரண்டையும் தாண்டி வருவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. என்னுடைய ஆர்டர் நோட்டு, கணக்கு, சாட்சி எல்லாமே இப்போதிருக்கும் ஆண்ட்ராய்டு போன்தான்.

முதலில் சாட்சி. என் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். பெண் வீட்டார் “முகூர்த்தச் சாப்பாடு நானூறு இலை போதும்” என்பார்கள். பந்தி அறுநூறைத் தாண்டும்போது “அறுநூறு என்றுதானே சொன்னோம்” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. கல்யாண வீட்டில் பெரியப்பா ஓர் எண் சொல்வார், தாய்மாமா ஓர் எண் சொல்வார், யார் என்னிடம் எதைச் சொன்னார்கள் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. சண்டைக்குப் போகாமல் பதிவை ஒருமுறை ஓட விடுவேன், அதோடு சரி. பால் பாயசமா பருப்புப் பாயசமா என்பதுகூட அப்படித்தான் தீரும். ஐபோனில் இது நடக்கவே நடக்காது என்று ஒருவர் சொல்கிறார், இப்போது வந்துவிட்டது என்கிறார் இன்னொருவர்.

அடுத்தது வாட்ஸ்அப். கல்யாணத்துக்கு ஒரு குழு. மெனு, அட்வான்ஸ் ரசீது, மளிகை லிஸ்ட், மாஸ்டர் அனுப்பும் குரல் செய்திகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். மூத்த மகளுக்குப் போட்ட மெனுவையே இளைய மகளுக்கும் கேட்கிற வீடுகள் உண்டு. 2021-இல் என்ன போட்டோம் என்று தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் சேர்த்து நாற்பது ஜிபி இருக்கும்.

பணமும் இதே போனில்தான். காய்கறி, பால், வாழையிலை, பரிமாற வரும் பையன்களின் கூலி, எல்லாம் யுபிஐ. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி அது நின்றால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

எண்கள் இரண்டு. ஏர்டெல் எண் விசிட்டிங் கார்டிலும் டெம்போவின் பின்பக்கத்திலும் இருக்கிறது, வாட்ஸ்அப்பும் வங்கிக் கணக்கும் அதில்தான். ஜியோ வீட்டாருக்கு. அடுப்படியில் சார்ஜ் தீர்ந்தால் சிம்மைக் கழற்றி உதவியாளன் போனில் போட்டுப் பேசுவேன். அப்புறம், மளிகை லிஸ்டைத் தமிழில்தான் தட்டுவேன். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக விழும் முறை பழகிவிட்டது.

மாறலாமா? மாறுவதென்றால் எப்போது? மச்சினன் மனசு கோணாமல் வேண்டாம் என்று சொல்ல ஒரு நல்ல காரணம் கிடைத்தாலும் எனக்குப் போதும்.

சர்வீஸ் கடை, தஞ்சாவூர்:

அண்ணே, மற்றதெல்லாம் அப்புறம். அந்த போன் அமெரிக்காவில் வாங்கியதா? அப்படியானால் அதில் சிம் போடும் இடமே கிடையாது. 2022-இல் ஐபோன் 14 வந்தபோது அமெரிக்க மாடல்களில் மட்டும் சிம் டிரேயை எடுத்துவிட்டார்கள், முழுக்க இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். இந்தியாவில் விற்ற 14-இல் டிரே உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த போனைக் கொண்டுவந்து “சிம் எங்கே போடுவது, ஊசி குத்தும் ஓட்டையைக் காணோமே” என்று கேட்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் என்று போனால் மாடல் எண் இருக்கும். கடைசியில் ‘எல்எல்/ஏ’ என்றிருந்தால் அமெரிக்கா.

இதனால் போன் உபயோகப்படாது என்று அர்த்தமில்லை. ஏர்டெல், ஜியோ இரண்டிலும் இ-சிம் தருகிறார்கள், அந்த மாடலில் இரண்டு இ-சிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் சிம்மைக் கழற்றி உதவியாளன் போனில் போடும் வழக்கம் அன்றோடு போச்சு. போன் கீழே விழுந்து திரை செத்துவிட்டால் எண்ணும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரும்ப அட்டை சிம் வாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். முகூர்த்த நாளில் அது நடந்தால் எப்படி இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, அதே அபௌட் பக்கத்தில் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். அங்கே தவணையில் வாங்கும் போன்களை, பணம் முழுவதும் கட்டி முடியும்வரை அந்த நிறுவனத்தின் இணைப்பில் மட்டும் வேலை செய்யும்படி பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டை எங்களை மாதிரிக் கடைக்காரர்கள் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மச்சினன் விமானம் ஏறுவதற்கு முன்பே அங்கே கேட்டு எடுத்துவிட வேண்டும். தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வந்து, போனை முழுசாக அழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் கணக்கு உள்ளே இருந்தபடி கைமாறினால் பிறகு ஒவ்வொன்றுக்கும் டாலஸுக்கு போன் போட வேண்டியிருக்கும்.

மருந்து ரெப், திருச்சி:

நான் போன வருஷம் மாறினேன், அதனால் பணம், பதிவு இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பணம்தான் உங்களுக்குப் பெரிய இடி. சாதாரண சிம்மை இ-சிம்மாக மாற்றுவதும் சிம் மாற்றம்தான். மோசடியைத் தடுக்க, சிம் மாற்றினால் 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் விதி வைத்தது. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி வராது, புது போனில் யுபிஐயைப் பதிவு செய்யவும் முடியாது. அந்த ஒரு நாள் கழிந்து பதிவு செய்தால் அடுத்த வரம்பு. போன் மாற்றிய பிறகு ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, ஐபோனில் பல வங்கிகள் இதையே 72 மணி நேரம் என்று வைத்திருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய நான்கு நாள். பணம் உள்ளே வருவதற்குத் தடை இல்லை, வெளியே போவதற்குத்தான். வாழையிலைக்காரருக்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொரு சின்ன விஷயம். யுபிஐ பதிவின்போது ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் தானே போய்விடும். ஐபோனில் எஸ்எம்எஸ் பெட்டி திறக்கும், நாம்தான் அனுப்ப வேண்டும். இரண்டு எண் இருந்தால் வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து போகிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

அழைப்புப் பதிவு: வந்துவிட்டது என்று சொன்னவர் சொல்வது சரி. 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 என்ற ஐபோன் மென்பொருளிலிருந்து இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் நாமே பட்டனைத் தட்ட வேண்டும், தட்டியதும் இந்த அழைப்பு பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் கேட்கும்படி ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலை நிறுத்த வழியில்லை. உங்களிடம் இலை எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்கும் பெரியப்பாவுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சொல்லிவிட்டுப் பதிவு செய்வதுதான் மரியாதை. அதைவிட நல்ல வழி, பேசி முடித்ததும் “முகூர்த்தம் 400 இலை, பால் பாயசம்” என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவர்களிடம் ‘சரி’ வாங்கிவிடுவது. எந்த போனிலும் செல்லும்.

தமிழ் பற்றிக் கவலை வேண்டாம். 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-இலிருந்தே தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகைகளும் போனிலேயே இருக்கின்றன. நீங்கள் சொல்லும் முறைக்கு அஞ்சல் சரியாக வரும்.

எனக்கு எரிச்சல் தந்தது சார்ஜர்தான். 14-இல் பழைய லைட்னிங் முனை, டைப்-சி வந்தது 15-இலிருந்துதான். எந்த மண்டபத்தில் யாரிடம் கேபிள் கேட்டாலும் டைப்-சிதான் நீட்டுவார்கள்.

பழைய லூமியா, மதுரை:

லூமியாவை விடாப்பிடியாக வைத்திருந்தவன் நான். கடைசியில் 2019 டிசம்பர் 31-ஓடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப்பை நிறுத்தினார்கள், வேறு வழியில்லாமல் ஆண்ட்ராய்டுக்கு வந்தேன். அன்று இருந்த பழைய உரையாடல் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. அதனால் யாராவது போன் மாற்றுகிறேன் என்றால் உள்ளே போகும் வழியோடு வெளியே வரும் வழியையும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

இலைக்கணக்கு ஐயாவுக்கு இரண்டு வழியும் இருக்கிறது. 2022-இலிருந்து ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி மூலம் வாட்ஸ்அப் உரையாடல்களைப் படம், குரல் செய்தியோடு ஐபோனுக்குக் கொண்டுபோகலாம். ஐபோன் புதிதாகவோ முழுசாக அழித்ததாகவோ இருக்க வேண்டும், எண் மாறக் கூடாது. போனைப் போட்டுத் தொடங்கும் நேரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. “முதலில் பழகிப் பார்க்கிறேன், அப்புறம் மாற்றுகிறேன்” என்றால் மறுபடி அழித்துவிட்டுத்தான் செய்ய முடியும். கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப் ஐபோனில் திறக்காது, அதை நம்பிப் பழைய போனை விற்றுவிடாதீர்கள். ஐபோனில் பேக்கப் போவது ஐகிளவுடுக்கு, அதில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். உங்கள் நாற்பது ஜிபிக்கு மாதம் 75 ரூபாய் கட்டி 50 ஜிபி எடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் நிறைந்துவிடும். ஐபோனிலிருந்து திரும்பி வருவதற்கும் கேபிள் வைத்து மாற்றும் முறை 2021-இல் சாம்சங் போன்களில் தொடங்கிப் பிறகு மற்றவற்றுக்கும் வந்தது.

ஆனால் நீங்கள் ஏன் மாற வேண்டும்? இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. 2023-இலிருந்து ஒரே வாட்ஸ்அப் கணக்கை இன்னொரு போனிலும் இணைத்து வைக்க முடிகிறது. பழைய போனில் ஏர்டெல் எண் அப்படியே இருக்கட்டும். பணம், பதிவு, சிம் கழற்றுவது எதுவும் மாறாது. ஐபோனை இணைப்புப் போனாக வையுங்கள், குழுக்களெல்லாம் அதிலும் தெரியும். முதன்மை போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால்தான் இணைப்பு அறுந்துபோகும்.

இலைக்கணக்கு, கும்பகோணம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மச்சினனிடம் பேசினேன். எல்எல்/ஏ தான். பூட்டும் இருக்கிறது, இன்னும் இரண்டு தவணை பாக்கியாம். மொத்தமாகக் கட்டிப் பூட்டை எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். சிம் ஓட்டை இல்லை என்பது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை, அங்கே யாரும் சிம்மைக் கழற்றுவதில்லையாம்.

ஏர்டெல் எண்ணைத் தொடுவதில்லை என்று முடிவு. நான்கு நாள் கணக்கைப் பார்த்த பிறகு அதில் பேச்சே இல்லை. ஜியோ எண்ணை மட்டும் ஐபோனுக்கு மாற்றி, வாட்ஸ்அப்பை இணைத்து வைத்துக்கொள்கிறேன். மெனு படம் எடுத்து அனுப்ப அந்த கேமரா நன்றாகத்தான் இருக்கும். அதையும் ஆடி பிறந்த பிறகுதான் செய்வேன். ஆனியில் கடைசி முகூர்த்தம் முடியும்வரை எதையும் நோண்டுவதாக இல்லை, ஆடியில் எங்களுக்கு எப்படியும் வேலை குறைவு. ஒரு வருஷம் இரண்டும் ஓடட்டும். அடுத்த ஆடிக்குள் கை எதற்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

மருந்து ரெப் தம்பி சொன்ன ‘சரி’ வாங்கும் யோசனையை இந்த வாரமே தொடங்கிவிட்டேன். ஒரு வீட்டில் ‘சரி’ போடுவதற்கு முன்னால் நானூறை ஐந்நூறு என்று திருத்தி அனுப்பினார்கள். பதிவில் நானூறுதான் இருந்தது.

சர்வீஸ் கடைக்காரரிடம் ஒரு கேள்வி: ஜியோவை இ-சிம்மாக மாற்றக் கடைக்கு நேரில் போக வேண்டுமா?

சர்வீஸ் கடை, தஞ்சாவூர்:

வேண்டாம் அண்ணே. இப்போது சிம் இருக்கும் போனிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்கலாம், சிரமமாக இருந்தால் ஆதாரோடு ஜியோ கடைக்குப் போங்கள். எப்படிச் செய்தாலும் ஐபோனின் ஈஐடி எண்ணும் (இ-சிம்முக்கான அடையாள எண்) ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) கேட்பார்கள். இரண்டும் அதே அபௌட் பக்கத்தில் இருக்கும். ஈஐடி 32 இலக்கம், பார்த்து எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்தால் காப்பி எடுக்கலாம், அப்படியே உங்கள் பழைய போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். இ-சிம் இறங்கும் நேரத்தில் ஐபோனுக்கு வைஃபை வேண்டும், பழைய போனின் ஹாட்ஸ்பாட்டை ஏர்டெல்லில் போட்டுக்கொண்டால் போதும்.